85 டிகிரி என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

கணினி கேள்வி–பதில்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களிலும் ஒரே சூட்டுப் பேச்சுதான். கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து வந்தவற்றில் வெப்பநிலை சென்சார்களையும், இயங்குதளத்தின் மையமான கெர்னல் அவற்றைக் கையாளும் விதத்தையும் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் போர்டுகளுக்கு டிரைவர் (சில்லைக் கெர்னலோடு பேச வைக்கும் புரோகிராம்) எழுதுவது என் அன்றாட வேலை. அதனால் சில பதில்கள் கொஞ்சம் ஆழமாகவே போகும்.

மேடம், எங்கள் மீன் குளிர்பதனக் கிடங்கில் ஒரு ராஸ்பெர்ரி பை வைத்து நான்கு டி.எஸ்.18பி20 சென்சார்களை இணைத்திருக்கிறோம். எல்லாம் மைனஸ் 18-ஐ ஒட்டித்தான் காட்டும். திடீரென்று ஏதாவது ஒன்று 85 டிகிரி என்று காட்டி, நள்ளிரவில் அலாரம் அடித்து எல்லோரையும் எழுப்பிவிடுகிறது. அடுத்த ரீடிங்கிலேயே மறுபடி மைனஸ் 18. "85 வந்தால் தூக்கிப் போட்டுவிட்டு முந்தைய ரீடிங்கையே காட்டச் சொல்லி எழுதிவிடு" என்கிறார் தெரிந்தவர். செய்யலாமா?
– கிடங்குப் பராமரிப்பாளர், கடலூர் முதுநகர்

செய்யாதீர்கள். அந்த 85 உங்களுக்கு ஒரு சேதி சொல்கிறது. அதைக் கேட்டுவிட்டுப் பிறகு அலாரத்தைச் சரிசெய்வோம்.

இந்தச் சில்லுக்கு மின்சாரம் வந்ததும், எதையும் அளப்பதற்கு முன்பே, அதன் உள்நினைவகத்தில் ஓர் எண் தயாராக இருக்கும்: ஹெக்ஸ் 0550. தசமத்தில் 1360. 12 பிட் அளவீட்டில் ஒரு படி என்பது 0.0625 டிகிரி. இரண்டையும் பெருக்குங்கள், கச்சிதமாக 85 வரும். ஆக, உங்கள் கிடங்கில் எதுவும் 85 டிகிரிக்குச் சூடாகவில்லை. "எனக்கு நடுவில் மின்சாரம் போய்விட்டது, நான் இன்னும் அளக்கவே இல்லை" என்று சென்சார் சொல்கிறது.

ஏன் மின்சாரம் போகிறது? 12 பிட்டில் ஒரு முறை அளந்து முடிக்க இந்தச் சில்லுக்கு 750 மில்லி விநாடி வரை ஆகும். அந்த நேரத்தில் அது 1.5 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். நீங்கள் இரண்டே ஒயரில் இணைத்து, டேட்டா ஒயரிலிருந்தே மின்சாரம் எடுக்கும்படி விட்டிருந்தால், வழக்கமாகப் போடும் 4.7 கிலோ ஓம் மின்தடை வழியே 3.3 வோல்ட்டில் 0.7 மில்லி ஆம்பியர்தான் வந்து சேரும். தேவைக்குப் பாதிகூட இல்லை. மூன்றாவது ஒயரை இழுத்து நேரடியாக மின்சாரம் கொடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே மூன்று ஒயர்தான் என்றால், இணைப்புகளைப் பாருங்கள். துறைமுகத்தை ஒட்டிய இடம், உப்புக்காற்று, கதவு திறக்கும்போதெல்லாம் ஈரம். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். செம்பு பச்சை பூத்திருந்தால் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, சால்டர் வைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். நான்கு சென்சாரில் எது அடிக்கடி 85 காட்டுகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால், பெரும்பாலும் ஒரே ஜாயின்டில் போய் முடியும்.

இப்போது கெர்னல் பக்கம். "கெர்னல் சரிபார்ப்பு எண்ணைப் பார்த்துத்தானே படிக்கிறது, பிறகு எப்படி இந்த 85 தப்பி வருகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். சரிபார்ப்பு எண் ஒயரில் தகவல் சிதைந்ததா என்பதை மட்டுமே பார்க்கும். இங்கே எதுவும் சிதையவில்லை. சில்லு தன்னிடம் இருந்த 0550-ஐ ஒழுங்காகவே அனுப்பியது. அதனால்தான் ரீடிங்கைத் தரும் டபிள்யூ1_ஸ்லேவ் கோப்பின் முதல் வரியில் யெஸ் என்றே இருக்கும்.

புதிய கெர்னல்களில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். சென்சாரின் அடைவுக்குள் எக்ஸ்ட்_பவர் என்ற கோப்பைப் படியுங்கள். 1 என்றால் தனி மின்சாரம் வருகிறது, 0 என்றால் டேட்டா ஒயரை நம்பியே ஓடுகிறது. பக்கத்திலேயே ஃபீச்சர்ஸ் என்ற கோப்பு இருக்கும். அதில் 1 என்று எழுதிவிட்டால், டிரைவர் சில்லின் நினைவகத்தில் 6-ஆம் பைட்டையும் சேர்த்துப் பார்க்கும். அங்கே ஹெக்ஸ் 0சி நின்று, வெப்பநிலையும் 85 அல்லது 127.94 என்று இருந்தால், அந்த எண்ணைத் தராமல் பிழை என்று சொல்லிவிடும். (127.94 என்பது மின்சாரம் போதாமல் வரும் எண்.) அசல் சில்லு நிஜமாகவே 85-ஐ அளந்திருந்தால் அந்தப் பைட்டில் வேறு மதிப்பு இருக்கும். ஆகவே உண்மையான 85-ம் வெற்று 85-ம் பிரிந்துவிடும்.

பழைய ரீடிங்கையே திரும்பக் காட்டும் யோசனைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒயர் முழுவதுமாக அறுந்துவிட்டால்? திரையில் விடிய விடிய மைனஸ் 18 நிற்கும். காலையில் கதவைத் திறந்தால் மீன் போயிருக்கும். ரீடிங் இல்லையென்றால் "ரீடிங் இல்லை" என்று காட்டுங்கள், கடைசியாக எப்போது கிடைத்தது என்ற நேரத்தையும் அருகில் போடுங்கள். தொடர்ந்து சில நிமிடம் கிடைக்காவிட்டால் அலாரம் அடிக்கட்டும். அப்படி அடிக்கும் அலாரத்துக்கு எழுந்திருப்பதில் நியாயம் உண்டு.

இன்னொன்று. இந்தச் சென்சார் அரை டிகிரித் துல்லியம் தருவது மைனஸ் 10-லிருந்து 85 வரை மட்டுமே. மைனஸ் 18-ல் அதைவிடக் கூடுதலாகவே பிசகலாம். இரண்டு சென்சார்கள் ஒரு டிகிரி வித்தியாசம் காட்டினால் பதறாதீர்கள்.

ஹெச்டபிள்யூமான்2 என்ற அடைவைப் படித்து சி.பி.யு. சூட்டைக் காட்டும் ஸ்கிரிப்ட் எழுதினேன். ரீபூட் செய்ததும் அது எஸ்.எஸ்.டி.யின் சூட்டைக் காட்டுகிறது. அப்புறம், சென்சார்ஸ்-டிடெக்ட் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் யெஸ் என்றே அடித்துவிடலாமா?
– கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர், வில்லியனூர்

ஹெச்டபிள்யூமான் என்பது கெர்னல் சென்சார் ரீடிங்குகளை வைக்கும் இடம். அதன் பின்னால் வரும் 2 என்ற எண் நிரந்தரமானதல்ல. எந்த டிரைவர் முதலில் எழுந்ததோ அதற்கு முதல் எண், அவ்வளவுதான். ஒவ்வொரு அடைவிலும் நேம் என்ற கோப்பு இருக்கும். அதில் கோர்டெம்ப் (இன்டெல்) அல்லது கே10டெம்ப் (ஏ.எம்.டி.) என்று இருப்பதைத் தேடிப் பிடித்துப் படியுங்கள். ஒரே டிரைவரில் பல சென்சார்கள் இருந்தால் லேபிள் கோப்பையும் பாருங்கள்.

இரண்டாவது கேள்விக்கு: அடிக்காதீர்கள். சென்சார்ஸ்-டிடெக்ட் என்பது சென்சார்களைத் தேடும் ஸ்கிரிப்ட். அது காட்டும் இயல்பு விடையையே ஏற்றுக்கொள்ளுங்கள். ஐ2சி பஸ்ஸில் (சில்லுகள் பேசிக்கொள்ளும் பொது ஒயர்ப் பாதை) இருப்பவை எல்லாம் சென்சார்கள் அல்ல. "யார் இருக்கிறீர்கள்" என்று ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்க்கும்போது, அதை எழுதும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் சில்லுகளும் உண்டு. பழைய ஐ.பி.எம். திங்க்பேட் சிலவற்றில் 24ஆர்.எஃப்.08 என்ற நினைவகச் சில்லு இப்படித் தேடிப்போன புரோகிராமால் கெட்டு, மடிக்கணினி எழவே முடியாமல் போனது. வாடிக்கையாளர் மெஷினில் அந்தச் சோதனை வேண்டாம்.

அக்கா, இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு எல்.எம்.75 சென்சாருக்குக் கெர்னல் டிரைவர் எழுதுகிறேன். வெப்பநிலையை ஃப்ளோட்டில் கொடு, 25.5 என்று அழகாக வரட்டும் என்கிறார் கைடு. ஃப்ளோட் போட்டால் கம்பைலே ஆகவில்லை. மற்ற டிரைவர்கள் எல்லாம் 25500 என்று தருகின்றன. ஏன்?
– பொறியியல் மாணவர், பிள்ளைச்சாவடி

தம்பி, உங்கள் கைடு கேட்பது திரையில் காட்டும் புரோகிராமுக்குச் சரி. கெர்னலுக்குள் சரிவராது. பயனர் புரோகிராமிலிருந்து கெர்னலுக்குள் நுழையும்போது, சி.பி.யு.வின் தசமக் கணக்கு ரெஜிஸ்டர்களைக் கெர்னல் சேமித்து வைப்பதில்லை. நேரம் மிச்சமாகட்டும் என்று அப்படியே விட்டுவிடுகிறது. நீங்கள் நடுவில் ஃப்ளோட் கணக்குப் போட்டால், வெளியே ஓடிக்கொண்டிருந்த யாரோ ஒருவருடைய புரோகிராமின் பாதிக் கணக்கு அழிந்துபோகும். அதனால் லினக்ஸின் ஹெச்டபிள்யூமான் பகுதியில் வெப்பநிலை எப்போதும் மில்லி டிகிரி செல்சியஸில், முழு எண்ணாகவே போகும். 25.5 டிகிரி என்றால் 25500. புள்ளி வைப்பது வெளியே இருப்பவர் வேலை.

உங்கள் சில்லின் கணக்கைப் படிப்படியாகப் பார்ப்போம். உங்கள் டிரைவர் பிழைக்கப்போவதும் விழப்போவதும் இங்கேதான். எல்.எம்.75 தருவது 9 பிட், ஒரு படி அரை டிகிரி. அந்த 9 பிட்டும் 16 பிட் ரெஜிஸ்டரின் இடது பக்கமாக ஒட்டி நிற்கும். 25 டிகிரி என்றால் ரெஜிஸ்டரில் ஹெக்ஸ் 1900. அதை 7 இடம் வலப்பக்கம் தள்ளினால் 50. 500-ஆல் பெருக்கினால் 25000. சரி.

முதல் குழி, பைட் வரிசை. எல்.எம்.75 பெரிய பைட்டை முதலில் அனுப்பும். எஸ்.எம்.பஸ் (ஐ2சி-யை ஒட்டிய பேச்சுமுறை) மரபோ சிறிய பைட்டை முதலில் எதிர்பார்க்கும். சாதாரண ரீட்_வேர்ட் போட்டால் உங்களுக்கு 1900-க்குப் பதில் 0019 வரும். தள்ளினால் சுழியம். அறையில் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கும்போது சென்சார் 0 டிகிரி என்று சொல்லும். ரீட்_வேர்ட்_ஸ்வாப்ட் என்று முடியும் வடிவத்தைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது குழி, குறி. மைனஸ் அரை டிகிரி என்பது ரெஜிஸ்டரில் ஹெக்ஸ் எஃப்எஃப்80. அதை யு16-ல் (குறி இல்லாத 16 பிட் எண்) போட்டு வைத்தால் 511 படியாகி 255.5 டிகிரி ஆகிவிடும். எஸ்16-ல் (குறியுள்ள 16 பிட் எண்) போட்டால் மைனஸ் 500 என்று ஒழுங்காக வரும். நம்மூரில் மைனஸ் எங்கே வரப்போகிறது என்று விட்டுவிடாதீர்கள். முதல் கடிதத்தை எழுதியவரின் கிடங்குக்கே உங்கள் டிரைவர் போகலாம்.

மூன்றாவதுதான் மோசமான குழி. அண்மையில் எங்கள் மேசைக்கு ஒரு போர்டு பழுதுபார்க்க வந்தது. சென்சார் எப்போதும் மைனஸ் 0.5 காட்டுகிறது என்று புகார். போர்டைத் திருப்பிப் பார்த்தால் சென்சாரின் ஒரு காலில் சால்டரே இல்லை. சில்லு பதில் சொல்லவே வாய்ப்பில்லை. பிறகு அந்த எண் எங்கிருந்து வந்தது?

டிரைவரைத் திறந்தால் விடை கிடைத்தது. பஸ்ஸைப் படிக்கும் அந்தப் பங்ஷன், வெற்றி என்றால் ரெஜிஸ்டர் மதிப்பையும், தோல்வி என்றால் எதிர்க்குறியுள்ள பிழை எண்ணையும் தரும். உள்ளீடு–வெளியீட்டுப் பிழைக்கு மைனஸ் 5, கருவி இல்லை என்றால் மைனஸ் 6, நேரம் கடந்துவிட்டால் மைனஸ் 110. எழுதியவர் அதைச் சோதிக்காமல் நேரே எஸ்16-ல் போட்டு 7 இடம் தள்ளியிருக்கிறார். மைனஸ் 1-லிருந்து மைனஸ் 128 வரை எதைத் தள்ளினாலும் மைனஸ் 1. பெருக்கினால் மைனஸ் 500. ஆக, அந்தப் போர்டில் எந்தப் பிழை நடந்தாலும் வெளியே "மைனஸ் அரை டிகிரி, நல்ல குளிர்ச்சி" என்றே தெரியும். அந்த எண்ணை நம்பி ஃபேனும் ஓடவில்லை.

ஆகவே திரும்பி வந்த மதிப்பை முதலில் முழு இன்ட்டில் வாங்குங்கள். சுழியத்துக்குக் கீழே என்றால் அதை அப்படியே பிழையாக மேலே அனுப்பிவிடுங்கள். அதைத் தாண்டிய பிறகே எஸ்16-ஆக மாற்றுங்கள். பரீட்சைக்கு வராத பிள்ளைக்கு "ஆப்சென்ட்" என்று எழுதாமல் முட்டை மார்க் போட்டுவிட்டால் டீச்சருக்கு என்ன தெரியும்? உங்கள் டிரைவரை எடுத்துப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் அந்த டீச்சரின் இடத்தில்தான் இருக்கிறார்கள். வெப்பத்தை உணரும் டயோடு அறுந்ததைத் தானே கண்டுபிடிக்கும் சில்லுகளும் உண்டு. அவற்றுக்கு டெம்ப்1_ஃபால்ட் என்ற தனிக் கோப்பையே லினக்ஸ் வைத்திருக்கிறது. உங்கள் சில்லில் அந்த வசதி இருந்தால் கட்டாயம் கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கெர்னல் மூலத்தில் எல்எம்75.சி என்ற கோப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதே குடும்பத்துச் சில்லுகள் பலவற்றையும் அது தாங்கும். ப்ராஜெக்ட்டுக்காகப் புதிதாக எழுதுவதில் தவறில்லை. ஆனால் எழுதி முடித்ததும் அதைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். வைவாவில் என்ன கேட்டாலும் பதில் சொல்ல அது போதும்.

ராஸ்பெர்ரி பையில் 60 டிகிரியில் ஃபேன் ஓடட்டும் என்று கான்ஃபிக் கோப்பில் டெம்ப்=60 என்று போட்டேன். பவர் கொடுத்ததிலிருந்து ஃபேன் நிற்கவே இல்லை.
– வாசகி, நெல்லிக்குப்பம்

அங்கேயும் மில்லி டிகிரிக் கணக்குதான், 60 என்பது 0.06 டிகிரி. 60000 என்று மாற்றுங்கள். நின்ற பிறகு உடனே மறுபடி ஓடி, மறுபடி நின்று படுத்தினால் ஹிஸ்டரிசிஸ் என்ற இடைவெளியைக் கூட்டுங்கள். 60-ல் ஓடத் தொடங்கி 50-க்கு இறங்கினால் மட்டும் நிற்கட்டும். ஃபேனுக்கும் ஆயுள் கூடும்.

எங்கள் ஆடிட்டர் அலுவலக சர்வர் இரவில் தானாகவே அணைந்துவிடுகிறது. பதிவேட்டில் "கிரிட்டிகல் டெம்பரேச்சர் ரீச்ட், ஷட்டிங் டவுன்" என்று இருக்கிறது. தெர்மல்.நோகிரிட் என்று பூட் வரியில் சேர்த்தால் அணையாது என்கிறார்களே?
– அலுவலகப் பொறுப்பாளர், நேரு வீதி, புதுச்சேரி

அணையாதுதான், ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. கெர்னல் வெப்ப மண்டலம் ஒவ்வொன்றுக்கும் சில எல்லைக்கோடுகள் வைத்திருக்கிறது. பாசிவ் என்ற கோட்டைத் தாண்டினால் சி.பி.யு.வின் வேகத்தைக் குறைக்கும். ஆக்டிவ் என்றால் ஃபேனை ஓட்டும். கிரிட்டிகல் என்றால் கோப்புகளை எழுதி முடித்து, டேட்டாபேஸை மூடி, முறையாக அணைக்கும். அந்தக் கடைசிக் கோட்டை நீங்கள் அழித்தாலும் சி.பி.யு.வுக்குள்ளேயே ஒரு காவல் இருக்கிறது. சில்லு எரிந்துபோகும் நிலைக்குப் போனால் யாரையும் கேட்காமல் மின்சாரத்தை வெட்டிவிடும். அப்போது வாடிக்கையாளரின் கணக்கு பாதி எழுதியபடியே நிற்கும். இப்போது கெர்னல் உங்களுக்கு நல்லதே செய்துகொண்டிருக்கிறது.

சூடு நிஜமா, ரீடிங் பொய்யா என்பதை முதலில் பிரியுங்கள். ஏ.சி.பி.ஐ. (பயாஸ் வழியே வருவது) தரும் எண்ணையும், கோர்டெம்ப் தரும் எண்ணையும் நிமிடத்துக்கொரு முறை ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். இரண்டும் கைகோத்து மெல்ல ஏறினால் நிஜச் சூடு. கோர்டெம்ப் 50-ல் இருக்க, ஏ.சி.பி.ஐ. மட்டும் ஒரே தாவலில் 120-க்குப் போனால் கோளாறு பயாஸில். அதற்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா பாருங்கள்.

ஏ.சி.பி.ஐ. வெப்பநிலையைப் பத்தில் ஒரு பங்கு கெல்வினில் பேசுகிறது. வரும் எண்ணிலிருந்து 2732-ஐக் கழித்துப் பத்தால் வகுத்தால் செல்சியஸ். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பல மேசைக்கணினி போர்டுகளில் இந்த எண் நாள் முழுக்க 27.8-லேயே நிற்கும். ஏ.சி. ஓடினாலும் 27.8, மொட்டை மாடியில் வைத்தாலும் 27.8. அது 3010 என்ற நிலையான எண். பின்னால் சென்சாரே கிடையாது. அப்படி அசையாமல் நிற்கும் எண்ணை உங்கள் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

நிஜச் சூடு என்று தெரிந்தால், இரவில் ஏன் என்று கேளுங்கள். இரவில் மின்சாரம் போய் வரும்போது சர்வர் யு.பி.எஸ்.ஸில் தாக்குப்பிடிக்கும். ஏ.சி.யோ அணைந்தது அணைந்தபடியே இருக்கும், ரிமோட்டை அழுத்த ஆள் இல்லை. ஃபேன் ஒரே வேகத்தில் ஓடும்போது அறை பத்து டிகிரி ஏறினால் சில்லும் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறும். கதவடைத்த தடுப்பு அறையில் மே மாதத்தில் அது பெரிய விஷயமே இல்லை. மின்சாரம் திரும்பியதும் தானே ஓடத் தொடங்கும் வசதி உங்கள் ஏ.சி.யில் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஹீட்சிங்க் இடுக்கில் படிந்த தூசியையும் ஊதிவிடுங்கள், ஆனால் ஊதும்போது ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழைய ரைசன் 7 1800எக்ஸ் வைத்திருக்கிறேன். சும்மா இருக்கும்போதே 60 காட்டுகிறது. நண்பரின் சாதாரண 1700 அதே கேபினெட்டில் 40 காட்டுகிறது. பேஸ்ட் மாற்றியும் பயனில்லை.
– வாசகர், முத்தியால்பேட்டை

பேஸ்ட்டை விட்டுவிடுங்கள், அது நன்றாகவே இருக்கிறது. ஏ.எம்.டி. 2017-ல் வெளியிட்ட சில மாடல்களில் டிகன்ட்ரோல் என்ற எண்ணில் வேண்டுமென்றே ஒரு கூட்டல் வைத்தது. 1800எக்ஸ்-க்கு 20 டிகிரி. ஃபேன் வேகத்தைத் தீர்மானிப்பதற்கான எண் அது, சில்லின் உண்மைச் சூடு அல்ல. த்ரெட்ரிப்பர் 1950எக்ஸ்-க்கு இந்தக் கூட்டல் 27, பின்னால் வந்த 2700எக்ஸ்-க்கு 10. கே10டெம்ப் டிரைவரில் மாடல் வாரியாக இந்தப் பட்டியல் இருக்கிறது. அதைக் கழித்து டிடை என்ற பெயரில் இன்னொரு எண்ணாகவும் தரும். நீங்கள் பார்க்க வேண்டியது டிடை.

இன்டெல்லில் கதை வேறு. அங்கே சில்லு "எனக்கு எவ்வளவு சூடு" என்று சொல்வதே இல்லை. "எல்லைக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி" என்று மட்டும் சொல்லும். எல்லை 100, பாக்கி 38 என்றால் கோர்டெம்ப் 62 என்று கணக்கிட்டுத் தரும். எல்லையை நெருங்க நெருங்க அந்தக் கணக்கு நம்பகமானது. குளிர்ந்த நிலையில் ஒரு கோர் 34, பக்கத்துக் கோர் 39 என்று காட்டினால் அதை வைத்துக் கவலைப்பட ஒன்றுமில்லை.

எங்கள் ஃபயர்வால் ஓப்பன்பி.எஸ்.டி.யில் ஓடுகிறது. நீங்கள் எப்போதும் லினக்ஸைப் பற்றியே எழுதுகிறீர்கள்.
– நெட்வொர்க் நிர்வாகி, திருப்பாதிரிப்புலியூர்

நியாயமான குறை. லினக்ஸ் போலவே இன்னொரு இயங்குதளமான ஓப்பன்பி.எஸ்.டி.யின் சென்சார் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. சிஸ்கன்ட்ரோலில் ஹெச்.டபிள்யூ.சென்சார்ஸ் என்று அடித்தால் சி.பி.யு., ஃபேன், வோல்ட்டேஜ் எல்லாம் ஒரே பட்டியலில் வந்துவிடும். தேடிப்பிடிக்கத் தனி ஸ்கிரிப்ட், தனி கான்ஃபிக் எதுவும் வேண்டாம். சென்சார்ஸ்டி என்ற பின்னணிப் புரோகிராமுக்கு எல்லை சொல்லிவிட்டால், தாண்டும்போது நீங்கள் கொடுத்த கட்டளையை அது ஓட்டும்.

உள்ளே அது வெப்பநிலையை மைக்ரோ கெல்வினில் வைத்திருக்கிறது. 0 டிகிரி செல்சியஸ் என்பது அங்கே 273150000. உங்கள் பெட்டி 54 டிகிரி என்று காட்டும்போது கெர்னலுக்குள் இருப்பது 327150000. 64 பிட் எண் என்பதால் இடப் பஞ்சம் இல்லை.

எனக்குப் பிடித்தது அதுவும் அல்ல. ஒவ்வொரு சென்சாருக்கும் மதிப்போடு சேர்த்து இரண்டு கொடிகள் உண்டு. ஒன்று "இந்த மதிப்பு செல்லாது", மற்றொன்று "இந்த மதிப்பு தெரியவில்லை". டிரைவர் எழுதுபவர் படிக்க முடியாதபோது எண்ணைத் தொடாமல் கொடியை மட்டும் ஏற்றிவிடலாம். அதற்கு மேலே, நிலை சரி, எச்சரிக்கை, ஆபத்து, தெரியாது என்று தனியாக ஒரு வரிசை. சென்சார் பேசாமல் போவதும் அன்றாடம் நடப்பதே என்று முதலிலேயே எண்ணி வடிவமைத்திருக்கிறார்கள். போர்டு வேலை செய்பவள் என்ற முறையில் சொல்கிறேன், அது அன்றாடம் நடக்கிறது.

ஃபிரீபி.எஸ்.டி. வைத்திருப்பவர்கள் கோர்டெம்ப் அல்லது ஏ.எம்.டி.டெம்ப் மாட்யூலை ஏற்றிவிட்டு டெவ்.சி.பி.யு.0.டெம்பரேச்சர் பாருங்கள்.

டிரைவர் எழுதிப் பழக ஆசை. வீட்டில் ஒரு பழைய லேப்டாப் தவிர எதுவும் இல்லை. சென்சார் வாங்காமல் பழக முடியுமா?
– பிளஸ் டூ முடித்த மாணவி, பண்ருட்டி

தாராளமாக முடியும், அம்மா. ஐ2சி-ஸ்டப் என்று கெர்னலோடு ஒரு மாட்யூல் வருகிறது. அது இல்லாத சில்லை இருப்பதாகக் காட்டும். பல டிஸ்ட்ரோக்களில் ஏற்கெனவே இருக்கும்.

மாட்புரோப் கட்டளையில் சிப்_அட்ரஸ் என்பதற்கு ஹெக்ஸ் 48 கொடுத்து அதை ஏற்றுங்கள். எல்.எம்.75 இருக்கக்கூடிய முகவரிகள் 48-லிருந்து 4எஃப் வரை. பிறகு ஐ2சி-டிடெக்ட் போட்டுப் புதிதாக முளைத்த பஸ்ஸின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்டப் பஸ்ஸின் எண்ணை மட்டுமே இனிப் பயன்படுத்துங்கள், லேப்டாப்பின் நிஜ பஸ்களில் கைவைக்க வேண்டாம். அந்த பஸ்ஸின் அடைவில் நியூ_டிவைஸ் என்ற கோப்புக்குள் எல்எம்75 என்ற பெயரையும் ஹெக்ஸ் 48 என்ற முகவரியையும் எழுதினால், கெர்னல் தன் டிரைவரைக் கொண்டுவந்து பொருத்திவிடும். ஹெச்டபிள்யூமான் அடைவில் புதிய சென்சார் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும்.

இப்போது ஐ2சி-செட் கட்டளையால், அந்த முகவரியை டிரைவர் பிடித்துவைத்திருப்பதால் -எஃப் சேர்த்து, 0 ரெஜிஸ்டரில் ஹெக்ஸ் 0019 என்று வேர்டாக எழுதுங்கள். டெம்ப்1_இன்புட் கோப்பைப் படித்தால் 25000 வரும். ஏன் 1900 அல்லாமல் 0019 என்று எழுதினோம் என்பதற்கு விடை மேலே பிள்ளைச்சாவடித் தம்பிக்கு எழுதிய பதிலில் இருக்கிறது. அடுத்து 80எஃப்எஃப் எழுதுங்கள், மைனஸ் 500 வர வேண்டும். அதன் பிறகு கெர்னலின் டிரைவரைக் கழற்றிவிட்டு நீங்கள் எழுதியதைப் பொருத்தி, இதே இரண்டு எண்களைக் கொடுத்துப் பாருங்கள். லேப்டாப் உறைந்துபோகலாம் என்பதால் தொடங்கும் முன் வீட்டுப் படங்களை எல்லாம் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். மதிப்பு பொருந்தவில்லை என்றால், நீங்கள் எழுதிய ரீட் பங்ஷனை மட்டும் ஒரு பக்கத்தில் பிரின்ட் எடுத்து, வந்த எண்ணையும் குறித்து இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் வரி வரியாகப் பார்ப்போம்.